நல்லதண்ணி இரவுத் தவளை நடை: போகலாம், சுவரில் உள்ள படத்தை நம்பாமல்

சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணி பக்கம் உள்ள ஒரு விடுதி மழைக்காலத்தில் இரவுத் தவளை நடை நடத்துகிறது. யாத்திரைக் காலம் முடிந்து அறைகள் காலியாகக் கிடக்கும் நாட்களுக்குக் கண்டுபிடித்த வருமானமாக இருக்கும். ஆளுக்கு 2,500 ரூபா. டோர்ச், பூட்ஸ் அவர்களே தருகிறார்கள். அக்கா மகனோடு போனேன்.

முதலில் குறை. வரவேற்பறைச் சுவரில், கண்ணுக்கு மேல் கொம்பு முளைத்த தேரையின் பெரிய படம். கீழே ‘எங்கள் மலையின் கொம்புத் தேரை’ என்று எழுதியிருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அது ஜாவாத் தீவின் மெகோஃப்ரிஸ் மொன்டானா. கூல், வான் ஹசெல்ட் என்ற இருவர் 1822இல் பெயரிட்டது. கொம்பு என்பதும் எலும்பு இல்லை, மேல் இமைத் தோல்தான் கூராக நீண்டிருக்கிறது. காய்ந்த சருகுக்குள் உட்கார்ந்தால் கண்டுபிடிக்க முடியாது. மலேசியா, சுமாத்ரா, போர்னியோவில் மூக்கு நுனியும் நீண்ட இன்னொன்று உண்டு. அதையும் நெடுங்காலம் இதன் கிளையினமாகவே கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது அது தனி இனம் மட்டுமல்ல, பேரினமே வேறு: பெலோபட்ராகஸ். இப்படிப் பிரிக்கப் பிரிக்க மொன்டானாவின் எல்லை ஜாவா அளவுக்குச் சுருங்கிவிட்டது. இவை இரண்டும் சேர்ந்த தவளைக் குடும்பத்தில் ஒன்றுகூட இலங்கையில் இல்லை, தென்னிந்தியாவிலும் இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். “கொம்பு இருந்தாத்தான் வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க டீச்சர்” என்றார். சரி, கொம்புதான் வேண்டுமென்றால் ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் மூக்கில் கொம்பு வைத்த ஓணானே இருக்கிறதே! அதன் படத்தை மாட்டலாமே.

நடை நன்றாக இருந்தது. கூட்டிப்போகும் தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சரணாலயத்துக்குள் நுழையாமல், தேயிலை மலை முடியும் இடத்து ஓடைக்கரையோடு போகிறார். டோர்ச்சை அணைக்கச் சொல்லி, சத்தத்தை வைத்தே திசை காட்டுகிறார். ஏலக்காய் இலைமேல் விரல்நகம் அளவில் ஒரு புதர்த்தவளை. இவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது, ஈரமண்ணில் இட்ட முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும் என்று தம்பி சொன்னார். பத்தாம் வகுப்பில் தவளையின் வாழ்க்கை வட்டம் எழுதிக்கொண்டிருக்கும் அக்கா மகன் அதை நம்பவே இல்லை. கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்கு மேலே ஒரு கிளையில் நுரைக்கூடு. அதற்குள் முட்டை, அது வேறு வகைத் தவளையுடையது.

இந்த மலைக்கே உரிய பெரிய கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அடெனோமஸ் கண்டியானஸ் என்ற சின்னத் தேரைக்கு 1872இல் குந்தர் பெயரிட்டார். 2004இல் அழிந்துபோன இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் உயிரோடு கிடைத்தது இந்தச் சிவனொளிபாதக் காட்டில்தான், 2012இல் அறிவித்தார்கள். 1853இல் கெலார்ட் விவரித்த நட்சத்திரப் புதர்த்தவளையும் 2009இல் இதே காட்டில்தான் திரும்பக் கிடைத்தது. ஜாவாத் தேரைக்குக் கொடுத்த சுவரில் பாதியாவது இவற்றுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அட்டை நிறைய, காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். தவளையைத் தொட்டுப் படம் எடுக்கத் தம்பி விடமாட்டார், கெஞ்ச வேண்டாம். ராச்சாப்பாட்டோடு சேர்த்துப் பதியாதீர்கள்; ஆறிய சோற்றுக்கு 1,200 ரூபா அதிகம். திரும்பியதும் தரும் இஞ்சிப் பிளேன்டீக்குக் காசு இல்லை.