நாய்ஸ் மாட்யூல்: டிரான்சிஸ்டரா, ஷிஃப்ட் ரிஜிஸ்டரா?

மாடுலர் சிந்தசைசருக்கு (தனித்தனிப் பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) புதிதாக ஒரு நாய்ஸ் மாட்யூல், அதாவது இரைச்சல் தரும் பெட்டி, எடுக்கும்போது முகப்பில் எத்தனை ஜாக் இருக்கிறது என்பதைவிட, இரைச்சல் உள்ளே எங்கிருந்து பிறக்கிறது என்பதுதான் முக்கியம்.

அனலாக் வகையில் 2என்3904 போன்ற சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்றின் பேஸ்-எமிட்டர் சந்திக்குத் தலைகீழாக வோல்டேஜ் கொடுப்பார்கள். கலெக்டர் கால் எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். ஏழெட்டு வோல்ட்டில் சந்தி முறிந்து, கரன்ட் தாறுமாறாகத் துடிக்கும். கிடைப்பது மில்லிவோல்ட் கணக்கில்தான். ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி சிப் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். கூடவே பவர் சப்ளையின் ஹம்மும் பெருகிவிடும். டிரான்சிஸ்டருக்குப் போகும் +12 வோல்ட் வழியில் 100 ஓம் ரெசிஸ்டரும், அதிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருந்தால் ஓரளவு அடங்கும். இன்னொரு சிக்கல்: ஒரே பையில் எடுத்த பத்து டிரான்சிஸ்டரும் பத்து விதமாக இரையும். சிலது நோஞ்சானாக இருக்கும், சிலது நடுநடுவே சோளம் பொரிவதுபோல் படபடக்கும். சாக்கெட்டில் செருகியிருந்தால் மாற்றிப் பார்க்கலாம். சால்டர் செய்திருந்தால் வந்ததுதான்.

டிஜிட்டல் வகையில் ஷிஃப்ட் ரிஜிஸ்டர்தான் (0, 1 பிட்களை வரிசையில் படிப்படியாக நகர்த்தும் சர்க்யூட்) இரைகிறது. ஹம் கிடையாது, பீஸுக்குப் பீஸ் மாறாது. ஆனால் அது உண்மையான தற்செயல் அல்ல, சுற்றிச் சுற்றி வரும் வரிசை. பழைய எம்எம்5837 சிப்பில் 17 பிட். அதாவது 1,31,071 படிகள். 100 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் (ஒவ்வொரு படியையும் நகர்த்தும் துடிப்பு) ஓடும் 17 பிட் ரிஜிஸ்டர் 1.3 நொடிக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்துவிடும். கண்டுபிடிக்க, லோ-பாஸ் ஃபில்டரின் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) கட்-ஆஃபை, அதாவது வெட்டும் எல்லையை, 200 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, அந்த எல்லையைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை ஏற்றுங்கள்: ஒரே குமுறல் தாளம் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். அதே கிளாக்கில் 32 பிட் என்றால் திரும்பி வர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும், காதுக்குப் பிடிபடாது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஸாம்பிள் அண்ட் ஹோல்டில் (ஒரு கணத்தின் வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கும் மாட்யூல்). ரிஜிஸ்டரின் நேரடி அவுட்புட் ஒரே பிட். அதைப் பிடித்து விசிஓவுக்கு (வோல்டேஜுக்கு ஏற்பச் சுருதி மாறும் ஆசிலேட்டர்) அனுப்பினால் இரண்டே சுருதிகள்தான் மாறி மாறி ஒலிக்கும். நடுவில் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வைத்தால்தான் இடைப்பட்ட அளவுகள் வரும். அனலாக்கில் இந்தத் தொல்லையே இல்லை.

வெளியிலிருந்து கிளாக் கொடுக்க இன்புட் இருந்தால் கதை மாறும். ரிஜிஸ்டரை 7 பிட்டுக்குச் சுருக்கி, 127 படிகளை 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் 394 ஹெர்ட்ஸில் தகரத்தைச் சுரண்டுவது போன்ற ஒரு சுருதி எழும். கிளாக்கை இறக்கினால் அது கரடுமுரடாக நொறுங்கும். உலோகத் தாளங்களுக்கு இதைவிடச் சிறந்த மூலப்பொருள் இல்லை. அனலாக் இதைச் செய்யவே முடியாது.

ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) ஒலி செய்வதில் இரண்டும் ஒன்றுதான். 7 கிலோஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (உயர்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்), 50 மில்லிசெகண்ட் டிகே (ஒலி தேய்ந்து மறையும் நேரம்) வைத்தால் வித்தியாசம் தெரியாது.

பிங்க் (உயர்ந்த அதிர்வெண்கள் மெல்லத் தணியும் இரைச்சல்) என்று எழுதிய அவுட்புட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே கெப்பாசிட்டரால் மழுக்கினால் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், 6 டெசிபல் சரியும். பிங்க் என்பது 3 டெசிபல்.

சிந்தசைசரில் ஒரே ஒரு மாட்யூலுக்குத்தான் இடம் காலி என்றால் அனலாக்கையே எடுங்கள். கிளாக் இன்புட் இல்லாத டிஜிட்டலை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம்.