சோளகக் காலத்தில் எந்தச் சிகரம்? கொழும்பிலிருந்து நான்கு மலைகள்

கொழும்பில் நாம் கோடை என்று சொல்வது சித்திரைப் புழுக்கத்தைத்தான். ஆனால் ஒரு பகல் முழுவதையும் மலைக்கு ஒதுக்கக்கூடிய விடுமுறை நம்மில் பலருக்கு ஏப்ரலிலும் ஓகஸ்டிலுமே வாய்க்கிறது. இந்த இரண்டு மாதங்களுக்கும் ஒரே சிகரத்தைச் சொல்ல முடியாது. ஏப்ரலில் காலை வானம் தெளிவாக இருந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை இறங்கும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் மட்டக்களப்பார் கச்சான் என்றும் சொல்லும் இந்தக் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. ஹட்டனில் குடை பிடித்து நிற்கும் அதே நாளில் பதுளையில் வெயில் காயும். ஆகவே மலையின் உயரத்தைப் பார்ப்பதற்கு முன்பு, அது காற்றின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சிகரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதும், இருட்டுமுன் இறங்க முடியுமா என்பதும் அதைப் பொறுத்தவையே.

நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல (2,524 மீற்றர்) இந்த ஒப்பீட்டில் இல்லை. அது பாதுகாப்பு வலயம் என்பதால், அங்கே வாகனத்தில் போகலாமே தவிர நடந்து ஏற முடியாது.

மலையேற்றம் என்றதும் வீட்டில் முதலில் எழும் பெயர் சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. மூன்று நான்கு மணித்தியாலம் முழங்காலை வருத்தும் ஏற்றம் என்றாலும், படி கட்டிய பாதையைக் கரடுமுரடானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தல வழியாக ஏறுவது அதைவிட நீளமானது, கடினமானது, காட்டின் தன்மையும் கூடியது. யாத்திரைப் பருவம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிகிறது. எனவே ஏப்ரலில் போகிறவருக்கு வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் துணைக்கு ஆட்களும் இருப்பார்கள். ஓகஸ்டில் இவை எதுவும் இருக்காது. காற்று நேரே முகத்தில் அடிக்கும். ஒரு ஜூலையில் நண்பர் மூவரோடு போய், விடியும்வரை உச்சியில் நடுங்கியபடி காத்திருந்தேன். மலையின் முக்கோண நிழல் மேகத்தில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கிழக்கு வெளுத்தது மட்டுந்தான் தெரிந்தது. எட்டடிக்கு அப்பால் நின்றவரின் முகம்கூடத் தெரியவில்லை. இறங்கும்போது நீர் ஓடும் படியில் ஒருவர் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கப் பிற்பகலாகிவிட்டது. பக்தியோடு போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் காட்சிக்காகவும் நடைக்காகவும் போகிறவர்கள் இந்த மலையைப் பருவகாலத்துக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரடுமுரடான பாதையைத் தேடுகிறவருக்கு நான் முதலில் சொல்வது கிரிகல்பொத்த. ஏறத்தாழ 2,390 மீற்றர் உயரமுள்ள இதுவே நாட்டில் நடந்து ஏறக்கூடிய மிக உயர்ந்த சிகரம். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், வாயிலில் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். பையைத் திறந்து பொலித்தீனை அகற்றிய பின்னரே உள்ளே விடுவார்கள். அந்தச் சோதனையைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்வது நம் கடமை. பூங்காவுக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பின் பக்கம் திரும்பிவிடுவதால், சிகரத்துக்குப் போகும் ஏழு கிலோமீற்றரில் பேச்சுச் சத்தம் கேட்பது அரிது. சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால் மொத்த ஏற்றம் குறைவுதான் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பாதை மேடு ஏறிப் பள்ளம் இறங்கி, ஓடைகளைக் கடந்து, கணுக்கால் புதையும் கரிய சேற்றிலும் ஆளுயர மூங்கில் புதரிலும் நுழைகிறது. கடைசிப் பகுதியில் செங்குத்தான மண்ணில் பின்னிக்கிடக்கும் வேர்களே படிகள். கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும்.

போகும் வழியில் ஓரிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புல்வெளி முடிந்து காடு தொடங்கும் விளிம்பில், பாசி தொங்கும் குட்டை மரங்களுக்கு நடுவே ஒரு மரை, பனியில் நனைந்த பிடரிமயிரோடு, எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. நாங்களும் நின்றோம். அது மூச்சுவிட்டபோது மூக்கின் முன்னே வெண்ணிற ஆவி எழுந்ததுகூடத் தெரிந்தது. தெளிவான காலையில் சிகரத்திலிருந்து மேற்கே பார்த்தால் சிவனொளிபாதத்தின் கூம்பு தெரியும். அந்த மலையை, அதன்மேல் நின்றபோது கண்டதைவிட, இங்கிருந்து நான் நன்றாகக் கண்டேன்.

இதன் பெருங்குறை தூரம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பயணம். போய்வர 14 கிலோமீற்றர் நடைக்கு ஆறேழு மணித்தியாலம் வேண்டும். முந்திய இரவு நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ தங்காமல் இதைத் தொடங்குவது, தூக்கமில்லாத சாரதியை மலைப்பாதையில் இறக்குவதாகவே முடியும். ஏப்ரலில் முற்பகல் பதினொரு மணிக்குள் உச்சியில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். மரமில்லாத புல்வெளியில் இடிக்கு ஒதுங்க இடமில்லை. சோளகக் காலத்தில் மூடுபனி பாதையையே மறைத்துவிடும். இவ்வளவுக்கும் ஆயத்தமில்லாதவர், அதே பூங்காவுக்குள் இருக்கும் 2,357 மீற்றர் உயரத் தொட்டுபொலவில் ஏறலாம். இரண்டு கிலோமீற்றர் நடைதான். பிள்ளைகளோடு போக அதுவே நல்லது.

காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்குத் திரும்ப வேண்டும் என்பவருக்கு அலகல்ல. உயரம் 1,140 மீற்றர் அளவே. கேகாலை, கண்டி மாவட்டங்களின் எல்லையில், கண்டிப் புகையிரதப் பாதைக்கு மேலே எழுந்து நிற்கிறது. புகையிரதம் ஓடும் நாளில் இஹலகோட்டையில் இறங்கி நேரே நடக்கத் தொடங்கலாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் மலையகப் பாதைகளைக் கடுமையாகச் சேதப்படுத்தியதால், சேவை நடக்கிறதா என்று முதலில் கேட்டறிந்துகொள்வது அவசியம். தோளுயர மானாப்புல்லுக்குள் பாதை மறைந்து மறைந்து போகும். புல்லின் விளிம்பு முழங்கையைக் கீறும். உச்சிக்கு அருகில் வெறும் பாறை. அட்டைத் தொல்லை நான்கு மலைகளிலும் இங்கேதான் எனக்கு அதிகம். காலுறையின் வெளிப்பக்கம் முழுவதும் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போனபோது ஓரளவு தப்பித்தேன். முதல்நாள் மழை பெய்திருந்தால் அந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது. உயரம் குறைந்த மலை என்பதால் குடிநீரைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் வருந்துவார்கள். கிரிகல்பொத்தவில் குளிர் காப்பாற்றும். இங்கே பத்து மணிக்கே வெயில் கொளுத்தும்.

ஓகஸ்டுக்கு என் தெரிவு நமுனுகுல. 2,036 மீற்றர் உயரம். பெயருக்கு ஒன்பது சிகரம் என்று பொருள். பதுளைக்குத் தென்கிழக்கே, தேயிலைத் தோட்டங்களின் தலைக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மேற்கே மழை கொட்டும் வாரங்களில் இங்கே வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். ஸ்பிரிங்வெலிப் பக்கமிருந்து தேயிலைக்குள் தொடங்கும் ஏற்றம், பிறகு காட்டுக்குள் பிரிந்து பிரிந்து போகிறது. அடையாளப் பலகைகளை நம்ப முடியாது. நாங்கள் தோட்டத்திலிருந்தே ஒருவரை வழிகாட்டியாக அழைத்துப் போனோம். அவருக்குரிய ஊதியத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்தோம். தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டு வாசலில் நின்ற ஓர் அம்மா எங்கள் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்து, "தம்பி, மேல தண்ணி கெடைக்காது, இங்கயே நெறச்சிக்கிட்டு போங்க" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் பாதி வழியில் திரும்பியிருப்போம். தமிழிலேயே வழி கேட்டு, தமிழிலேயே எச்சரிக்கை பெற்று ஏறக்கூடிய மலை என்பது நமக்குச் சிறிய வசதியல்ல.

ஆனால் நமுனுகுலவை ஒருநாள் பயணம் என்று சொன்னால் அது பொய். நடை ஒரு பகலில் முடிந்துவிடும். கொழும்பிலிருந்து போய்வர இரண்டு இரவுகள் வேண்டும். உலர்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி போதும். ஊவாவில் இந்த மாதங்களில்தான் காடு பற்றுகிறது. அடுப்பு மூட்டும் எண்ணத்தோடு வருகிறவரை என் குழுவில் சேர்ப்பதில்லை.

எந்த மலையானாலும், புறப்படுவதற்கு முன்பு வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்க்கிறேன். போகும் மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணம் நின்றுவிடும். அதைப் பற்றி வீட்டில் விவாதம் கிடையாது. இந்த ஓகஸ்டில் மூன்று நாள் சேர்ந்து கிடைத்தால் பதுளைக்கு. ஒரு நாள் மட்டுமே கிடைத்து முதல்நாள் காய்ந்திருந்தால் அலகல்லவுக்கு. கிரிகல்பொத்தவுக்கு அடுத்த பெப்ரவரியில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். அப்போது விடியற்காலையில் அந்தப் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் நாட்களும் உண்டு.