பதற்றம் தணிக்க எது, எப்போது? மூச்சு, தசைத் தளர்வு, நடை, தியானம், மூலிகை: ஓர் ஒப்பீட்டு அலசல்

பதற்றத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மூச்சுப் பயிற்சி, தியானம், நடை, மூலிகை என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. ஆனால் நெஞ்சு படபடக்கும் அந்த நிமிடத்துக்கு வேண்டியது ஒன்று, நள்ளிரவில் விழித்துக்கொண்டு ஒரே நினைப்பைச் சுற்றிச் சுற்றி வரும்போது வேண்டியது வேறு. "எதைச் செய்தும் சரிவரவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களில் பலர், நல்ல முறையைப் பொருந்தாத நேரத்தில் செய்து பார்த்தவர்கள்.

மூச்சா, தசைத் தளர்வா?

உடல் பதறும்போது கைகொடுப்பவை இந்த இரண்டும்தான். வேகத்தில் மூச்சு முந்தும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி, இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூக்கு வழியாக 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் செய்தால் போதும்.

எண்ணிக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: மூக்கால் நிறைய இழுத்து, விடாமல் மேலும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியாக மெதுவாக முழுவதையும் விடுவது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பெருமூச்சு முறையையும் வேறு சில மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யச் சொன்னார்கள். பதற்றம் எல்லாக் குழுவினருக்கும் குறைந்தது. மனநிலை தேறியதில் பெருமூச்சுக் குழு தியானக் குழுவை முந்தியது.

பலர் தவறுவது ஓர் இடத்தில். "நல்லா மூச்சை இழுத்து விடு" என்று யாராவது சொன்னதும் வேகவேகமாக இழுத்து விடுவார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனி மரத்து, உதட்டைச் சுற்றிச் சுருக்கென்று குத்தி, தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும். அப்படி ஆனால் இழுக்கும் அளவைக் குறைத்து, விடுவதை நிதானப்படுத்துங்கள். 4 நொடி இழுத்து, 7 நொடி அடக்கி, 8 நொடி விடச் சொல்லும் 4-7-8 முறையை, ஏற்கெனவே மூச்சு முட்டுவதாக உணர்கிறவருக்கு நாங்கள் சொல்வதில்லை.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். அவர்களுக்கும், தோளும் தாடையும் நாள் முழுக்க இறுகிக் கிடப்பவர்களுக்கும் தசைத் தளர்வுதான் சரி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் விரிவாக எழுதிய முறை இது. கையை முஷ்டியாக்கி 5 முதல் 7 நொடி, முக்கால் பலத்தில் இறுக்குங்கள். பிறகு சட்டென்று விடுங்கள். அடுத்த 20, 30 நொடி விரல்கள் கனத்து வெதுவெதுப்பாவதைக் கவனியுங்கள். அப்படியே மேற்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி வர 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் பலன் மங்கிவிடும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் உடலுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். கெண்டைக்காலை இறுக்கும்போது கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள், நீட்டினால் பிடித்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தைத் தொடாமல் தாண்டிவிடுங்கள். படுக்கையில் செய்வதற்கு இதற்கு இணையில்லை. ஆனால் கூட்டத்தின் நடுவே பதறும்போது செய்ய முடியாது; அங்கே மூச்சுதான்.

நடையா, தியானமா?

வாரக்கணக்கில் அடிப்படைப் பதற்றத்தையே குறைக்க வேண்டுமானால் நாங்கள் முதலில் சொல்வது நடை. ஒருமுறை வேகமாக நடந்தாலே அடுத்த சில மணி நேரம் மனம் இலகுவாக இருக்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. இதயம் வேகமெடுத்தாலே பீதியடைகிறவர்கள் 10 நிமிட மெதுநடையில் தொடங்கட்டும். நெஞ்சு படபடப்பது ஆபத்தின் அடையாளம் மட்டுமில்லை என்பது போகப்போகப் பழகும்.

தியானத்துக்கும் வலுவான சான்று இருக்கிறது. 1979இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியை, பதற்றத்துக்கு மருத்துவர்கள் தரும் எஸ்சிட்டாலோப்ராம் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளியானது. பலனில் மாத்திரைக்கு அது சளைக்கவில்லை. ஆனால் அதில் வாரம் இரண்டரை மணி நேர வகுப்பும் தினம் 45 நிமிட வீட்டுப் பயிற்சியும் உண்டு. செல்போன் செயலியில் 10 நிமிடம் கண்மூடி உட்கார்ந்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முன்பின் பழகாதவர் பதற்றத்தின் உச்சத்தில் கண்மூடினால் எண்ணங்கள் இன்னும் சத்தமாகும். கண்ணைத் திறந்துவைத்து, பாதம் தரையில் படுவதில் கவனம் வையுங்கள்.

நினைப்பு ஓயாத இரவுகளுக்கு இரண்டையும்விடக் கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது உதவும். மாலையில் 20, 30 நிமிடம், தூங்கும் நேரத்துக்கு வெகு முன்பே உட்கார்ந்து கவலைகளை எழுதுங்கள். உங்களால் ஏதாவது செய்ய முடிகிற விஷயத்துக்கு அடுத்த அடி என்ன என்பதையும் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

மூலிகை

இதைக் கடைசியில்தான் வைப்போம். இயற்கை என்பதால் தீங்கில்லை என்று நினைப்பது ஆபத்து. பசிபிக் தீவுகளிலிருந்து வரும் காவா வேர் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்திருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகை கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும். மன அழுத்த மருந்தோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறும். அமுக்கரா (அஸ்வகந்தா) சிலருக்குப் பதற்றத்தைக் குறைத்தாலும் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் மதியத்துக்குப் பிறகு காபியை நிறுத்திப் பாருங்கள்; காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்.

நெஞ்சுவலி, மயக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, விடாத கைநடுக்கம் இருந்தால் பயிற்சிகளை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே உதவி கேளுங்கள்.