போர்ட்ரெய்ட் சார்கோல் செட்: எது கைகொடுக்கும், எது பெட்டியிலேயே கிடக்கும்

முகம் வரையப் பழகுபவர்களுக்கென்று வரும் சார்கோல் செட்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வில்லோ கரிக்குச்சிகள், கம்ப்ரெஸ்டு சார்கோல் கட்டிகள், மூன்று நான்கு சார்கோல் பென்சில்கள், ஒரு வெள்ளைப் பென்சில், பேப்பர் ஸ்டம்ப் (கரியைத் தேய்த்துப் பரப்பும் சுருட்டிய காகிதக் குச்சி), பிசையும் ரப்பர், கூடவே கேட்காமலே ஒரு டஜன் கிராஃபைட் பென்சில். இவற்றில் முகத்துக்கு உண்மையில் உழைப்பவை மூன்றுதான்: வில்லோ குச்சி, பிசையும் ரப்பர், ஏதாவது ஒரு மென்மையான சார்கோல் பென்சில்.

முதலில் வில்லோ. காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கிய வில்லோ மரக் குச்சி இது, பசை எதுவும் சேர்க்காதது. அதனால் பேப்பரில் ஒட்டாமல் அதன் சொரசொரப்பில் தூளாக உட்கார்ந்திருக்கும், துணியால் ஒரு தட்டுத் தட்டினால் பாதி போய்விடும். குறை மாதிரித் தெரியும் இந்தக் குணம்தான் முகம் வரைபவருக்கு வரம். முகத்தில் மூக்கு நுனி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ஆள் மாறிவிடுவார். முதல் ஒரு மணி நேரம் வரைவதைவிடத் திருத்துவதே அதிகம், அழித்த தடம் நிற்காத பொருள் வேண்டும்.

வாங்கும்போது ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள். நன்றாகச் சுட்டது சடக்கென்று சுத்தமாக ஒடியும், உள்ளே ஒரே கறுப்பாக இருக்கும். பழுப்பு ஓடினால் அரைகுறையாகச் சுட்டது, பேப்பரைக் கீறும். நல்ல பெட்டியிலும் கணு விழுந்த குச்சி ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும், மரம்தானே. 5, 6 மில்லிமீட்டர் தடிமன் பெரும்பாலான வேலைக்குப் போதும். மெல்லிய குச்சிகள் கையில் எடுத்ததும் ஒடிகின்றன.

கம்ப்ரெஸ்டு சார்கோல் நேர் எதிர். கரித்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. கறுப்பு அபாரமாக விழும், ஆனால் விழுந்த இடத்தை விட்டுப் போகாது. இதை எடுத்து முதல் கோடு போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. கண்ணின் கறுவிழி, மூக்குத் துவாரம், காதுக்குப் பின்னால் முடியின் ஆழம் என்று கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் சார்கோல் பென்சிலே போதும் என்பதால் கட்டி இல்லாத செட் கிடைத்தால் நஷ்டமில்லை.

பென்சிலைச் சாதாரண ஷார்ப்னரில் போட்டால் உள்ளே இருக்கும் கரி துண்டு துண்டாக உடையும். பிளேடால் மரத்தை மட்டும் சீவி, ஒன்றரை சென்டிமீட்டர் கரி வெளியே வந்ததும் 220 நம்பர் உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக் கூராக்க வேண்டும். கீழே விழுந்த பென்சில் வெளியே முழுசாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், சீவச் சீவ முனை கழன்று வரும்.

பிசையும் ரப்பரை அழிக்கும் பொருளாக நினைப்பதே அதை வீணாக்குகிறது. அது வெளிச்சம் வரையும் பென்சில். வேலை செய்யும் முறையைப் பார்த்தால் இது புரியும். மூன்று சென்டிமீட்டர் வில்லோ துண்டைப் படுக்கவைத்துத் தலையின் மொத்த வடிவத்தையும் நிரப்பி, பருத்தித் துணியால் லேசாகத் தடவினால் ஒரு நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மாடலைப் பார்த்து, நிழல் பக்கத்தை ஒரே திட்டாக வையுங்கள். கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் வரும், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறத்தாழ இன்னொரு கண்ணின் அகலம். இந்தக் கணக்கைத் தொடக்கத்தில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு எதிரே இருப்பவரை நம்புங்கள். நிழல் உட்கார்ந்த பின் ரப்பரைச் சப்பையாக்கி நெற்றியில் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. விளிம்பை நகத்தால் கிள்ளிக் கத்தி மாதிரி ஆக்கினால் மூக்குத்தண்டின் ஒளிக்கோடும் முடியின் மினுக்கமும் ஒரே இழுப்பில் வரும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் ரப்பரை மடித்துப் புதுப் பக்கம் காட்ட வேண்டும். முழுசாகக் கறுத்த ரப்பர் கரியை எடுக்காது, திருப்பிப் பூசும். கழுவினால் சரியாகாது, தூக்கிப் போடுவதுதான் வழி.

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1907 வாக்கில் எண்ணெய் வண்ண உருவப்படங்களுக்குப் பெரும்பாலும் முழுக்குப் போட்டுவிட்டுக் கரிக்குத் திரும்பினார். ஆளை உட்காரவைத்து ஒரே அமர்வில் முடித்துவிடும் படங்கள் அவை. வேகத்துக்குக் காரணம் கையின் திறமை மட்டுமல்ல. பெரிய நிழலை ஒரே வீச்சில் வைக்கவும் நினைத்த இடத்தில் வெளிச்சத்தை உருவி எடுக்கவும் இந்தப் பொருள் விடுகிறது.

ஸ்டம்புக்குப் பத்துக்கு நான்கு மார்க். கண் மடலின் ஓரம், உதட்டின் கோணம் போன்ற சிறு இடங்களுக்கு உதவும். கன்னம் முழுக்கத் தேய்த்தால் பேப்பரின் குழிகள் அடைபட்டு, மேலே எதைப் போட்டாலும் வழுக்கும், தோல் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். விரலால் தேய்ப்பது இன்னும் மோசம். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் கரி பிடித்துக்கொண்டு திட்டாக நிற்கும், ரப்பரும் எடுக்காது.

வெள்ளைப் பென்சில் வெள்ளைப் பேப்பரில் தண்டம். சாம்பல் அல்லது பழுப்புப் பேப்பரில்தான் அதற்கு வேலை, அங்கேயும் பேப்பரின் நிறமே நடுத்தர டோனாக நிற்க வேண்டும். கரியும் வெள்ளையும் கலந்தால் நீலம் பாய்ந்த செத்த சாம்பல் வரும், முகத்தில் அது காயம் மாதிரி தெரியும். கிராஃபைட் பென்சில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அடியில் கிராஃபைட் இருந்தால் மேலே கரி பிடிக்காது, கறுப்பான இடம் வெளிச்சத்தில் பளபளக்கும். 2ஹெச் போன்ற கடினமான பென்சிலால் அழுத்தி அவுட்லைன் போட்டால் அந்தப் பள்ளத்தில் கரி இறங்காமல் கன்னத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

செட்டோடு வரும் ஸ்கெட்ச் புக்தான் பெரும்பாலும் ஏமாற்றம். பேப்பர் வழவழப்பாக இருந்தால் கரி நிற்காது. 120 முதல் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில்) வரை, விரல் நுனிக்குச் சற்றே சொரசொரப்பாகத் தட்டுப்படும் பேப்பரைத் தனியாக வாங்குங்கள். நியூஸ்பிரிண்ட் பயிற்சிக்குச் சரி, வைத்திருக்க நினைக்கும் படத்துக்கு வேண்டாம், மஞ்சளாகிவிடும். பலகையை ஏறத்தாழ நிமிர்த்தி வைத்தால் உதிரும் தூள் படத்தில் தங்காமல் கீழே போய்விடும்.

கரித்தூளைப் பேப்பரில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவ் பெரும்பாலான செட்களில் வருவதில்லை, அது இல்லாமல் வேலை முடியாது. காற்றோட்டமான இடத்தில் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பேப்பருக்கு வெளியே ஸ்பிரேயைத் தொடங்கி, அதன் குறுக்கே ஓடவிட்டு, மறுபக்கம் வெளியே நிறுத்துங்கள். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, நடுவில் காயவிட்டு. கிட்டப் போய் அடித்தால் துளிகள் விழுந்து கரி நகரும். எப்படி அடித்தாலும் டோன் கொஞ்சம் இருளும், வெள்ளை கிட்டத்தட்ட மறையும். அதனால் கண்ணின் ஹைலைட்டை ஸ்பிரே காய்ந்த பிறகு வைப்பதே நல்லது. பிரேம் போடும்போது அக்ரிலிக் வேண்டாம், அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியே போடச் சொல்லுங்கள், அது படத்தைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டையும் இருக்கட்டும்.