தலைக்குப் பின்னால் மாட்டும் என்95 மாஸ்க்: எண்ணூர் சாலையில் நான்கு மாதம் போட்டுப் பார்த்தது

எர்ணாவூரிலிருந்து ராயபுரத்துக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும், என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், வரிசை கொஞ்சம் நகரும்போதெல்லாம் கறுப்பாக ஒரு புகை நேராக என் முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. இரண்டு வருடம் துப்பட்டாவைத்தான் சுற்றிக்கொண்டு போனேன். துப்பட்டா மண்ணைத் தடுக்கும், அவ்வளவுதான். டீசல் புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை, துணி அவற்றுக்கு ஒரு தடையே இல்லை.

மூக்கில் தெரியும் கறுப்போடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன, உள்ளே வரும் கிருமியை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. கரித்துகளையும் அதே மாதிரி விழுங்கிவிடும். ஆனால் கரி செரிக்காது. அந்தத் துகள்மேல் ஒட்டியிருக்கும் ரசாயனங்களும் உலோகங்களும் செல்லைப் பாடாய்ப்படுத்த, அதுவும் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களும் சேர்ந்து இன்டர்லூக்கின்-8 போன்ற, உதவிக்கு ஆள் கூப்பிடும் புரதங்களை வெளியே விட, அந்த அழைப்பைக் கேட்டு ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சேரும். அதுதான் அழற்சி. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களை ஒரே ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்க வைத்து 6 மணி நேரம் கழித்துப் பார்த்தபோதே மூச்சுக்குழாயில் நியூட்ரோஃபில்கள் அதிகமாகியிருந்தன. ஒரு மணி நேரம்! கரி நிரம்பிய மேக்ரோபேஜ் கிருமியைப் பிடிப்பதிலும் மந்தமாகிவிடுகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

சரி, மாஸ்குக்கு வருகிறேன். முதலில் வாங்கியது காதில் மாட்டுவது, மூக்கின் இரண்டு பக்கமும் இடைவெளி, கண்ணாடியில் ஆவி படியும். ஆவி படிந்தால் புகையும் அந்த வழியாகத்தான் வருகிறது என்று அர்த்தம். இப்போது போடுவதற்குத் தலைக்குப் பின்னால் இரண்டு ரப்பர் பட்டைகள். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள், கண்ணருகே காற்று படக்கூடாது. வடிகட்டக் கடினமான, சுமார் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த 95. ஒரு வாரத்தில் வெளிப்பக்கம் சாம்பல் நிறம், உள்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கைக்குட்டையும் இப்போது கறுப்பதில்லை.

துவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் இழைகளில் மின்னூட்டம் இருக்கிறது, துகளை இழுத்துப் பிடிப்பது அதுதான், சோப்புத் தண்ணீரில் போய்விடும். டீசல் வாடை வருகிறதே, மாஸ்க் போலியோ என்று பயப்படவும் வேண்டாம். நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை இது தடுக்காது, அது இதன் குறைதான். மே மாத வெயிலில் ஈரமாகி மூச்சு முட்டுகிறது, ஒன்றில் மூன்றாவது வாரமே பட்டை அறுந்தது. தாடி வைத்தவர்களுக்குச் சரியாகப் படியாது.

அடுத்த பெட்டி வாங்கியபோது லாரிகள் நிற்கும் இடத்தில் டீக்கடை போட்டிருக்கும் அக்காவுக்கும் இரண்டு கொடுத்தேன், நான் கடந்துதான் போகிறேன், அவர் நாள் முழுக்க அங்கேயே நிற்கிறார். கொண்டையில் பட்டை நிற்கவில்லை என்றார். அப்புறம் மேல்பட்டையைக் கொண்டைக்கு மேலேயும் கீழ்ப்பட்டையைக் கழுத்திலும் விட்டு, அவரே சரிசெய்துகொண்டார்.