மின்சாரக் காரை எப்போது புக் செய்வது? 88,000 கி.மீ. ஓட்டியபின் என் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் வீடு, தஞ்சாவூரில் வேலை. போக வர ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது. 2023 மே மாதம் டாடாவின் மின்சாரக் கார் நெக்ஸான் இவி மேக்ஸ் கைக்கு வந்தது. இப்போது மீட்டரில் 88,000 தாண்டிவிட்டது. வண்டியைப் பார்ப்பவர்கள் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு என்று கேட்டுவிட்டு அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "இப்பவே வாங்கலாமா, அடுத்த மாடல் வரட்டுமா?" இந்தக் கேள்வியோடு நானே மூன்று வருடம் இருந்தேன்.

2020 ஜனவரியில் முதல் நெக்ஸான் இவி வந்தது. 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி, சான்றளித்த ரேஞ்ச் 312 கி.மீ. ஏசி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் இருநூறு சொச்சம்தான் வரும் என்பதால் மனம் ஒப்பவில்லை. 2022 மே மாதம் 40.5 கிலோவாட் ஹவர் பேட்டரியோடு மேக்ஸ் வந்ததும், நமக்கான வண்டி இதுதான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் பத்து மாதம் இழுத்தேன். விலை குறையும், இன்னும் நல்லது வரும் என்ற நினைப்பு.

கடைசியில் முடிவெடுக்க வைத்தது வருமான வரிதான். மின்சார வண்டிக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை, வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 80இஇபி பிரிவு இடம் கொடுத்தது. கடன் 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆகியிருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும். மார்ச் மூன்றாவது வாரம் புக் செய்து, மாதம் முடிவதற்குள் வங்கிக் கடிதத்தை வாங்கிவிட்டேன். டெலிவரி தள்ளிப்போனாலும் சலுகை போகவில்லை. சாலை வரி வேறு மாதிரி. அது வண்டி பதிவாகும் நாளைப் பார்க்கும், புக் செய்த நாளை அல்ல. அன்று தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி முழுவதும் தள்ளுபடி, 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருந்தார்கள். எந்தச் சலுகை எந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் புக் செய்யாதீர்கள்.

நான் வாங்கி நாலு மாதத்தில், செப்டம்பரில், புது முகத்தோடு நெக்ஸான் இவி வந்தது. 2024 பிப்ரவரியில் பேட்டரி செல் விலை இறங்கியதைச் சொல்லி 1.2 லட்சம் வரை விலையைக் குறைத்தார்கள். அதே 2024 செப்டம்பரில் 45 கிலோவாட் ஹவர் பேட்டரியும் வந்துவிட்டது. அந்தப் பிப்ரவரி மாதம் எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியாக வரவில்லை. அப்புறம் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். மாதம் 2,900 கி.மீ. பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுக்கும், பெட்ரோல் அப்போது 102 ரூபாய்க்கு மேல். மாதம் 19,500-க்குக் குறையாது. மின்சாரத்துக்கு ஆவது ஐயாயிரத்தை ஒட்டி. மாதம் 14,000 மிச்சம். புக் செய்த மார்ச்சிலிருந்து விலை குறையும் வரை பதினொரு மாதம் காத்திருந்தால் பெட்ரோலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் கூடுதலாகப் போயிருக்கும். உண்மையில் நான் இழந்தது அதற்கு முந்தைய பத்து மாதத்தைத்தான்.

இது என் ஓட்டத்துக்கான கணக்கு. மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கும். அவர் ஒரு வருடம் தாராளமாகப் பொறுக்கலாம், புது மாடலைப் பார்த்துவிட்டே வாங்கலாம். நான் எங்கே பார்க்கத் தவறினேன் என்றால் வாரண்டியில். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என் ஓட்டத்தில் ஐந்து வருடத்துக்குள் கிலோமீட்டர் முடிந்துவிடும். அதிகம் ஓட்டுபவர்கள் வருடத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. புதிதில் ஏசியோடு ஒரு சார்ஜில் 290 கி.மீ. வந்தது, இப்போது 265 வருகிறது. சென்னைக்குப் போனால் விழுப்புரம் பக்கம் ஒரு சார்ஜ், ஒரு காபி. ஒரு தீபாவளிக்கு முந்தைய மாலை மட்டும் ஒரு சார்ஜிங் நிலையத்தில் இரண்டு சார்ஜிங் கன்னில் (வண்டியில் சொருகும் முனையில்) ஒன்று வேலை செய்யாமல், எனக்கு முன்னால் மூன்று வண்டி நின்றன. குழந்தைகளோடு இரண்டரை மணி நேரம். அதிலிருந்து பண்டிகைக்கு முன்தினம் கிளம்புவதில்லை.

நான் பட்ட பாடு வீட்டு மின்சாரத்தில்தான். எங்களுடையது பழைய வீடு. வண்டி வந்த இரவு 15 ஆம்பியர் பாயிண்டில் சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டரை வைத்தார், 18 வோல்ட் காட்டியது. சாக்கெட்டைக் கழற்றினால் பின்பக்கம் பழுப்பேறி இருந்தது. தோட்டத்தில் எர்த்துக்குப் புதுக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்புமாக மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்தார்கள். மறுபடி மீட்டரை வைத்தபோது 2 வோல்ட். பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்து என் அம்மா கும்பிட்டார். இன்றும் சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இந்த வேலை முழுவதையும் புக் செய்வதற்கு முன்பே முடித்திருக்கலாம். சோலாரும் அப்படித்தான். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் (கட்டண அடுக்கு) ஏறிவிடும், கார் வந்ததும் எங்களுக்குத் தாண்டியது. 2024-இல் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு 78,000 ரூபாய் மானியத்தில் மாடியில் 3 கிலோவாட் போட்டேன். பில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

மாதம் என்று கேட்டால், ஆடி. நம் ஊரில் ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், ஷோரூம் காலியாக இருக்கும், பேசிக் குறைக்கலாம். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் எடுங்கள். டிசம்பரிலும் தள்ளுபடி உண்டு. ஆனால் வண்டி தயாரான மாதத்தைக் கேட்டு வாங்குங்கள், யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி வேண்டாம்.

என் மனைவியின் தம்பி சென்னையில் இருக்கிறார். 2025-இல் கேட்டார், "அத்தான், கிரெட்டா எலக்ட்ரிக் வந்துடுச்சு, மஹிந்திராவும் வந்துடுச்சு. புக் பண்ணவா?" அவருக்கு நாளைக்கு 25 கி.மீ. ஓட்டம், அடுக்குமாடியில் பார்க்கிங், அங்கே சார்ஜிங் பாயிண்ட் கிடையாது. "முதலில் அசோசியேஷனில் அனுமதி வாங்குங்க தம்பி, அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க" என்றேன். அந்த வருடம் செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும் அவருக்கு மறுபடி ஊசலாட்டம். மின்காருக்கு எப்போதும் போல 5 சதவீதம்தான். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார், மின்காரிலேயே நின்றார். நாலு கூட்டம் பேசி அனுமதி வாங்கி, அவர் மீட்டரிலிருந்து பார்க்கிங் தூண் வரை பைப் போட்டு வயர் இழுத்து முடித்த படத்தைப் போன வாரம் அனுப்பினார். எர்த் வோல்ட்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒன்றரை. புக் செய்யச் சொல்லிவிட்டேன்.