லாக்கையும் லைப்னிட்ஸையும் படிக்க ஓர் இலவசத் தளம்: எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவ நூல்களை நேரடியாகப் படிக்க விரும்பும் தமிழ் வாசகருக்கு இரண்டு தடைகள் உண்டு. ஆங்கிலம் நாம் கற்றுக்கொண்ட மொழி என்பது ஒன்று. 1690 என்று ஆண்டிட்டு வெளிவந்த, ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’ போன்றவை, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் திணறும் நடையில் அமைந்தவை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது தடையை அகற்றுவதற்கென்றே உருவானது ‘எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்’ என்னும் இணையதளம். நியூசிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் கொலம்பியா, சிரக்யூஸ் பல்கலைக்கழகங்களில் கற்பித்து, 2024-இல் மறைந்த தத்துவப் பேராசிரியர் ஜொனதன் பென்னட், தம் ஓய்வுக்காலத்தின் பெரும்பகுதியை இதற்குச் செலவிட்டார். கட்டணம் கிடையாது, வேண்டிய நூலைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

பென்னட்டின் நோக்கம் நூல்களைச் சுருக்குவதன்று. வாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாக்கியங்களைப் பிரித்து, வழக்கொழிந்த சொற்களை மாற்றி எழுதியிருக்கிறார். டெக்கார்ட், ஸ்பினோசா முதலியோரின் லத்தீன், பிரெஞ்சு நூல்களும் இதே முறையில் ஆங்கிலமாகியுள்ளன. அவர் புதிதாகச் சேர்த்த சொற்கள் இரண்டு சிறு புள்ளிகளுக்கு நடுவே நிற்கும். விளக்கக் குறிப்புகள் சதுர அடைப்புக்குள் வரும். பயனைவிடச் சிரமமே மிகுதி என்று கருதி அவர் விட்டுவிட்ட சிறு பகுதிகளின் இடத்தில் நான்கு புள்ளிகள் இருக்கும். சில பக்கங்களுக்குள் கண் இதற்குப் பழகிவிடுகிறது.

தளத்தின் உண்மையான பயன், எளிமையைவிட, எதிரெதிராக நிறுத்தப்பட்டவர்களை ஒரே நடையில் அடுத்தடுத்துப் படிக்க முடிவதுதான் என்பேன். நம் பாடநூல்களும், குடிமைப் பணித் தேர்வின் தத்துவ விருப்பப்பாடமும், டெக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரைப் பகுத்தறிவே அறிவின் முதல் ஊற்று என்னும் அறிவு முதல்வாதத்திலும், லாக், பெர்க்லி, ஹியூம் மூவரைப் புலன் அனுபவமே அந்த ஊற்று என்னும் அனுபவ முதல்வாதத்திலும் அடைத்துவிடுகின்றன. லாக்கின் நூலில் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் வரும், மனம் முதலில் எதுவும் எழுதப்படாத வெள்ளைத்தாள் என்ற உவமையோடு நிறுத்திக்கொண்டவருக்கு இந்தப் பிரிவினை சரியாகவே தோன்றும். நான்காம் பாகத்துக்குப் போனால், தான் இருப்பதை மனிதன் உள்ளுணர்வால் நேரடியாக அறிகிறான் என்றும், கடவுள் இருப்பதைக் கணிதத்துக்கு நிகரான உறுதியோடு நிரூபித்துக் காட்டலாம் என்றும், புற உலகைப் பற்றிய புலனறிவு இவ்விரண்டின் உறுதியையும் எட்டாது என்றும் அதே லாக் எழுதுகிறார். பெயரை மறைத்துக் கொடுத்தால் டெக்கார்ட் எழுதியது என்றே பலர் சொல்வார்கள். பழைய நடையில் நானூறு, ஐந்நூறு பக்கம் தாண்டி அந்தப் பாகத்தை எட்டுகிறவர்கள் குறைவு. இங்கே எட்ட முடிகிறது.

அதன் பின் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸின் ‘புதிய கட்டுரைகள்’. லாக்கின் நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடர்ந்து மறுமொழி சொல்லும் உரையாடல் இது. ஃபிலலெதீஸ் லாக்கின் பக்கம் பேச, தியோஃபிலஸ் லைப்னிட்ஸுக்காகப் பேசுகிறார். 1704-இல் லாக் இறந்ததும், பதில் சொல்ல முடியாதவரோடு வாதிட விரும்பாத லைப்னிட்ஸ் அதை வெளியிடாமல் வைத்துவிட, அவர் மறைந்து 49 ஆண்டுகள் கழித்து 1765-இல்தான் அது அச்சேறியது. மனம் வெறும் தாளன்று, உள்ளேயே ஹெர்குலிஸின் உருவத்தைக் கோடிட்டுக் காட்டும் இழைகள் ஓடும் பளிங்குக்கல் என்று முன்னுரையில் சொல்பவர், புலன்வழி வராதது எதுவும் அறிவில் இல்லை என்ற பழைய வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு, ‘அறிவைத் தவிர’ என்று வால் ஒட்டுகிறார். பீட்டர் ரெம்னன்ட்டுடன் சேர்ந்து 1981-இல் இந்நூலைக் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்துக்காக மொழிபெயர்த்தவரும் பென்னட்தான் என்பதால், அவருடைய கை இங்கே நன்கு பழகியிருப்பது தெரிகிறது.

பாடத்திட்டங்கள் மறந்த பொஹீமிய இளவரசி எலிசபெத் டெக்கார்ட்டுக்கு எழுதிய கடிதங்களும் கிடைக்கின்றன. உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று 1643-இல் அவர் கேட்டதற்கு டெக்கார்ட் எழுதிய மழுப்பலான பதில்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். அறிவை மட்டும் ஈடுபடுத்தும் சிந்தனைக்குத் தாம் ஆண்டுக்குச் சில மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியதே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விடுகிறார் மனிதர்!

இனிக் குறைகள். சேர்த்த சொற்களுக்குப் புள்ளி உண்டு. முழு வாக்கியத்தையே மாற்றி எழுதியிருந்தால் அடையாளம் ஏதும் இல்லை. பல இடங்களில் இது பொருட்டல்ல. சில இடங்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். பண்புகளைத் தாங்கும் பொருள் என்ற கருத்தைப் பேசும்போது, உலகை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது, ஆமையைத் தாங்குவது ஏதோ ஒன்று, என்னவென்று தெரியாது என்ற இந்தியரின் கதையை லாக் சொல்கிறார். அவர் அக்கருத்தை ஏற்கிறாரா, கேலி செய்கிறாரா என்பது இன்றும் தீராத வழக்கு. தீர்ப்பு பெரும்பாலும் தொனியைப் பொறுத்தது. அந்த வழக்கில் பென்னட்டும் ஒரு தரப்பினர். ஆகவே இத்தகைய பத்திகளில் அவர் நடையை மட்டும் நம்புவது, ஒரு வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவதாகிவிடும்.

மேற்கோளுக்கும் இது உதவாது. லாக், ஹியூம் நூல்களில் பிரிவு எண்கள் அப்படியே இருப்பதால், லாக்குக்கு நிடிச் 1975-இல் கொண்டுவந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் உரிய வரியை எளிதாகக் கண்டுபிடித்து எடுத்தாளலாம். டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’ மூலத்திலேயே எண்ணிடப்பட்ட பத்திகளாக இல்லை. ஆய்வாளர்கள் ஆடம்–டேனரி பதிப்பின் பக்க எண்களைச் சுட்டுவதால், அதற்கு வேறொரு பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். ஆய்வேட்டில் பென்னட்டின் வாக்கியத்தை லாக்கின் வாக்கியமாகக் கொடுக்கும் மாணவர், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வார்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் பெர்க்லியின் ‘மூன்று உரையாடல்கள்’ நூலில் தொடங்கலாம்; 1713-இல் வந்த அது இயல்பாகவே தெளிவான நடை, பென்னட்டுக்கு அங்கே வேலை குறைவு. பிறகு ஹியூம் 1748-இல் வெளியிட்ட ‘மனித அறிவு பற்றிய விசாரணை’ நூலில் நான்காம், ஐந்தாம் பிரிவுகள், அதன் பின் லாக்கின் நான்காம் பாகம். ஸ்பினோசாவின் ‘அறவியல்’ மட்டும் இங்கேயும் கடினம்தான். வரையறை, கோட்பாடு, நிரூபணம் என்று வடிவகணித முறையில் அடுக்கப்பட்ட நூலை நடை மாற்றத்தால் ஓரளவுக்கு மேல் இளக்க முடியாது.